ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடிய பொன்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பழைய எகிப்தின் அணிகலன்களையும் அவற்றில் அமைந்த உருவங்களையும் பற்றி இவ்விழாவில் பேசுமாறு பணித்தீர்கள். அழைப்பிதழைக் கண்ட அன்பர் ஒருவர், "கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு நைல் ஆற்றங்கரைக்கு ஏன் அம்மா போகிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்கு நான் அளித்த விடையையே இவ்வுரையின் தொடக்கமாக வைக்கிறேன்.

நம் மலையில் பிறக்கும் ஆறுகளுள் ஒன்றுக்கு மணிமுத்தாறு என்று பெயர். மணியையும் முத்தையும் தன் பெயரிலேயே அணிந்துகொண்ட ஆறு அது. அவ்வாறு விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்தை அடையும்போது ஒரு கதையையும் சூடிக்கொள்கிறது. இறைவன் அளித்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அக்கதையில் நாம் பெரிதும் கவனியாத ஒரு பகுதி உண்டு. ஆற்றில் இடுவதற்கு முன்பே சுந்தரர் அப்பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன் அதே பொன்தானா என்று உரைத்துப் பார்ப்பதற்காகவே அந்த மச்சம். மாற்று உரைத்துப் பார்த்த பின்னரே பொன்னை ஏற்றார். திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்றே ஒரு பிள்ளையார் வீற்றிருக்கிறார்.

நைல் ஆற்றில் இடப்பட்ட சில அடையாளங்கள் இன்று நம் ஊர்க் குளத்தில் கிடைக்கின்றன. அவற்றை உரைத்துப் பார்க்க நம்மிடம் மச்சம் இருக்கிறதா? இதுவே என் கேள்வி.

இக்கேள்வி நூலகத்தில் எழுந்ததன்று, வகுப்பறையில் எழுந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் பயிலும் மாணவி ஒருத்தி, கழுத்தில் ஒரு சிறு பதக்கம் அணிந்திருந்தாள். மைதீட்டிய ஒற்றைக் கண். அதன் கீழே வழியும் ஒரு கோடு. பக்கத்தில் சுருண்டு முடியும் இன்னொரு கோடு. "இது என்ன அம்மா?" என்றேன். "ஃபேன்சி கடையில வாங்கினது அம்மா. சும்மா அழகுக்கு" என்றாள். "உன் பாட்டி என்ன அணிந்திருக்கிறார்?" என்று கேட்டேன். "கறுப்புப் பாசிதான் அம்மா. கண்ணு படாம இருக்கப் போட்டிருக்கு" என்றாள். பாட்டியின் அணிக்குப் பொருள் இருந்தது. பேத்தியின் அணிக்கு அழகு மட்டுமே இருந்தது. இத்தனைக்கும் பேத்தி அணிந்திருந்ததும் காப்புத்தான். அதை அவளுக்குச் சொல்வார் ஒருவரும் இல்லை.

அந்தக் கண், எகிப்தியர் வணங்கிய ஓரசு என்னும் பருந்துமுகக் கடவுளின் கண். பகைவனாகிய சேத்து அதனைச் சிதைத்தான் என்றும், அறிவுக் கடவுளாகிய தோத்து அதனை மீண்டும் நலமுறச் செய்தான் என்றும் அவர்கள் நம்பினர். 'உச்சாத்து' என்று அதற்குப் பெயர். 'குறைவின்றி நிறைந்தது' என்பது அதன் பொருள். ஆகவே அது வெறும் கண் அன்று. புண்பட்டு ஆறிய கண். நோயுறாதிருக்க உயிரோடிருப்பவர் அணிந்தனர். மறுமையில் குறையின்றி எழ இறந்தவர்க்கும் அணிவித்தனர்.

வண்டு உருவம் இரண்டாவது. சாணத்தை உருண்டையாகத் திரட்டி உருட்டிச் செல்லும் கரிய வண்டு அது. அவ்வுருண்டையிலிருந்து புதிய வண்டு தானே தோன்றுவதாக எகிப்தியர் கருதினர். கதிரவனையும் ஒரு பெருவண்டு நாள்தோறும் வானில் உருட்டிச் செல்வதாகக் கண்டனர். அவர்கள் மொழியில் வண்டைக் குறிக்கும் 'கெப்பர்' என்னும் எழுத்து, 'தோன்றுதல், ஆதல்' என்னும் வினையையும் குறித்தது. அங்கே அணியும் எழுத்தும் வேறல்ல என்பதை இது காட்டுகிறது. துத்தங்காமன் என்னும் இளம் மன்னனின் அரியணைப் பெயர் 'நெப்கெப்பரூரே'. கூடை, வண்டு, மூன்று கோடுகள், ஞாயிற்று வட்டம் ஆகியவற்றை எழுதினால் அப்பெயர் வந்துவிடும். அவன் அணிகள் சிலவற்றில் பொற்கொல்லர் இவ்வுருவங்களையே அழகுற அடுக்கினர். நாம் பதக்கம் என்று பார்ப்பதை அந்நாட்டார் பெயராகப் படித்தனர்.

மூன்றாவது, படமெடுத்த நாகம். அரசனின் நெற்றியில் எழுந்து நின்று பகைவர்மேல் தீயுமிழும் உவச்செத்து என்னும் காவல் தெய்வம் அது. நான்காவது, நீர்ப்பூ. இங்கே கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நூல்கள் அதனைத் தாமரை என்றே எழுதிவிடுகின்றன. எகிப்தின் பழைய அணிகளில் உள்ளது தாமரை அன்று. காலையில் விரிந்து பின்னர்க் குவியும் நீல நீர்ப்பூ. நம் ஆம்பல், குவளை ஆகியவற்றின் இனம். தாமரை அந்நாட்டிற்குப் பாரசீகர் காலத்தில்தான் சென்றது. ஒரு நிலத்துக்கே நெய்தல் என்று நீர்ப்பூவின் பெயரைச் சூட்டிய மொழி நம்முடையது. ஆம்பலையும் தாமரையையும் வேறுபிரித்தறிந்த மரபில் வந்த நாம் இதில் பிழை செய்யலாகாது. அதுபோலவே அந்த வண்டைப் பொன்வண்டு என்று எழுதுவதும் பொருந்தாது. பொன்வண்டு நாம் சிறுவயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்தது. அழகால் பெயர் பெற்றது. எகிப்தின் வண்டோ அழுக்கிலிருந்து உயிர் எழுவதைக் காட்டியதனால் பெருமை பெற்றது. சொல் மாறினால் தத்துவமே மாறிவிடுகிறது.

இவ்வுருவங்களுக்கு நிறமும் மொழியாக இருந்தது. பொன், அழியாத தேவர்களின் உடல். அது எகிப்தின் கீழைப் பாலையிலிருந்தும் நூபியாவிலிருந்தும் வந்தது. நீலக்கல், வானமும் இரவும். அது ஆப்கானிஸ்தானத்துப் பதக்சான் மலையிலிருந்து நெடுவழி கடந்து வந்தது. சினாய்ப் பகுதியின் பசுநீல மணி, தளிர்க்கும் உயிர். சூதுபவளம், குருதியும் ஆற்றலும். அருமணி கிட்டாத எளியோர், பளிங்குக்கல் மாவைச் செம்புச் சேர்மத்தோடு குழைத்துச் சுட்டு எடுத்த நீல மணிகளை அணிந்தனர். எளியோர் மணியும் அதே பொருளையே சொன்னது. காப்பு என்பது செல்வர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

இனி, நமக்கும் அந்நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு, அதை அளவோடு சொல்ல வேண்டும். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், அங்கே சூதுபவளமும் பளிங்கும் பச்சைக்கல்லும் மணிகளாக அறுத்துத் துளையிடப்பட்டதை மெய்ப்பித்தன. பதிற்றுப்பத்து போற்றும் கொடுமணம் அவ்வூரே என்பர். செங்கடற்கரையில் எகிப்துக்கு உரிய பெரெனிகே துறைமுகத்தில், இந்தியப் பானை ஒன்றில் 7.5 கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது. அங்கேயே கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த சாடியோடு ஒன்றில் 'கொற்ற பூமான்' என்னும் தமிழ்ப் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் கிடைத்தது. அதனைப் படித்தறிந்தவர் ஐராவதம் மகாதேவன். குசைர் அல்-கதிம் துறைமுகத்தில் 'பானை உறி' என்னும் பொருள்பட 'பானை ஒறி' என்றெழுதிய ஓடும் கிடைத்தது. யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அக்கலங்களின் சரக்கு எகிப்து வழியாகவே உரோமுக்குச் சென்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இத்துறைமுகங்கள் உரோமர் காலத்தவை. துத்தங்காமன் இறந்து ஓராயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்த வணிகம் செழித்தது. அவன் நெற்றி நாகத்தைக் கண்டு, 'இது நம் நாகம், தமிழரே அங்குச் சென்று கொடுத்தனர்' என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. நாகம் இரு நாட்டிலும் இருந்தது. அச்சமும் இரு நாட்டிலும் இருந்தது. அச்சத்தைத் தரும் ஒன்றையே காவலாக அணிந்துகொள்ளும் மனமும் இரு நாட்டிலும் இருந்தது. நம் பெண்கள் தோளில் நாகொத்து அணிந்தனர். பின்னலில் சடைநாகம் சூடினர். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று காட்டாமலே இரண்டையும் அருகருகே வைத்து மகிழலாம். உறவுமுறை சொல்லாமல் நட்புக் கொள்வதும் ஒரு பெருமைதான்.

எகிப்தின் அடையாளங்கள் உலகெங்கும் பரவிய கதை மிகப் பிற்காலத்தது. 1798இல் நெப்போலியன் படையோடு அங்குச் சென்ற அறிஞர்கள் கோயில்களையும் கல்லறைகளையும் வரைந்து வந்தனர். ஐரோப்பியப் பொற்கொல்லர் அவ்வரைபடங்களைப் பார்த்து வண்டும் நாகமும் செய்யத் தொடங்கினர். 1869இல் சூயசு கால்வாய் திறந்தது. அந்த மோகம் மேலும் வளர்ந்தது. 1922 நவம்பரில் ஓவார்டு கார்ட்டர், துத்தங்காமன் கல்லறையைக் கண்டார். ஏறத்தாழ 110 கிலோ எடையுள்ள பொற்பேழையில் அம்மன்னன் கிடந்தான். அவன் மார்பணி ஒன்றின் நடுவே மஞ்சள் நிற வண்டு ஒன்று உண்டு. நெடுங்காலம் அதனை ஒருவகை மணிக்கல் என்றே எண்ணினர். பின்னர் ஆராய்ந்தபோது பாலைநிலத்தில் இயற்கையாக விளைந்த கண்ணாடி என்று தெரிந்தது. மாற்று உரைத்தல் எங்கும் தேவைப்படுகிறது, பாருங்கள்! அதன் பின் பாரிசின் கார்ட்டியே நிறுவனத்தார், பழைய எகிப்திய நீலப் பீங்கான் துண்டுகளையே வாங்கி வைரத்துள் பதித்து விற்றனர். இறந்தவரின் காப்பு, விருந்துக்குச் செல்லும் சீமாட்டியின் அணியாயிற்று.

இதில் ஈர்ப்பு எங்கே இருக்கிறது? பொன்னில் மட்டும் இல்லை. 'சாவுக்குப் பின்னும் ஒரு காலை உண்டு' என்னும் உறுதியை அந்த உருவங்கள் தாங்கியிருந்தன. அவ்வுறுதியை இழந்தவர்களும் அதன் வடிவத்தை விரும்பினர். என் மாணவியின் கழுத்திலும் அந்த வடிவம்தான் வந்து சேர்ந்தது.

நம் முன்னோரும் உறுதிகளையே அணிந்தனர். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் திருமாலின் ஐந்து படைகளைச் சிறு உருவாக்கிக் குழந்தை கழுத்தில் கட்டினர், அதுவே ஐம்படைத்தாலி. தாலி களையாத பருவத்திலேயே போர்க்களம் புகுந்தான் என்று பாண்டியன் நெடுஞ்செழியனைப் புறநானூற்றின் 77ஆம் பாட்டு வியக்கிறது. புலிப்பல்லைக் கோத்த தாலியை அகநானூற்றின் 7ஆம் பாட்டு காட்டுகிறது. புலி திரிந்த குறிஞ்சியில் புலிப்பல்லே காப்பு. கல்வராயன் மலையைக் காணுந்தோறும் எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வருகிறது.

இரு நாட்டு மனமும் எங்கே வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். எகிப்தில் இறந்தவரின் மார்பின்மேல் பச்சைக்கல்லால் ஆன ஒரு வண்டை வைப்பார்கள். நெஞ்சவண்டு என்று அதனைச் சொல்லலாம். மறுமையில் இறந்தவரின் நெஞ்சத்தைத் தராசின் ஒரு தட்டில் இட்டு, அறத்தின் சிறகை மறுதட்டில் வைத்து நிறுப்பர் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்போது அந்த நெஞ்சம் தன் உடையவனுக்கு எதிராகச் சாட்சி கூறலாகாது என்று வேண்டும் மந்திரத்தை அவ்வண்டின் அடியில் பொறித்தனர். அதாவது, அங்கே அணி சாட்சியின் வாயை அடைத்தது. நம் சிலப்பதிகாரத்திலோ அணியே சாட்சியாக எழுந்து பேசியது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தபோது தெறித்த மணி அரசனின் தீர்ப்பையே மாற்றிற்று, உயிரையும் கொண்டது. தராசின் முன் நின்ற அச்சத்திலிருந்து ஒரு நாடு அணி செய்தது; தராசு கோடியபோது அதை நிமிர்த்த வந்த அணியை ஒரு காப்பியம் பாடியது. இரண்டிற்கும் அடியில் ஓடுவது அறம் பற்றிய நடுக்கமே.

இவ்விடத்தில் என் உரையின் உட்பொருளுக்கு வருகிறேன். எகிப்தில் பொன் நின்றது, சொல் போயிற்று. கல்லறைத் திருடர் கொண்டது போக எஞ்சிய பொன் மண்ணுள் கிடந்தது. ஆனால் அப்பொன்னில் எழுதிய எழுத்தைப் படிப்பார் ஓராயிரத்து நானூறு ஆண்டுகள் உலகில் ஒருவரும் இல்லை. 1822இல் சாம்போலியன் படித்துக் காட்டும்வரை வண்டு வெறும் வண்டாகவே கிடந்தது. நம்மிடமோ பொன் போயிற்று, சொல் நின்றது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிற் கிடைத்த பொற்பட்டங்கள் போன்ற சிலவே மண் காத்துத் தந்தவை. பொன்னை நாம் புதைத்துவைக்கவில்லை. உருக்கி உருக்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தோம். ஆனால் மாதவி அணிந்தவற்றைக் கடலாடு காதை அடி முதல் முடி வரை பெயர் சொல்லி வைத்திருக்கிறது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த அணிகளை அக்கோயில் கல்வெட்டுகள் பெயரும் நிறையும் முத்தின் எண்ணிக்கையும் சொல்லிக் காக்கின்றன. அணி இல்லை, அதன் பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால், அறிந்த பொற்கொல்லன் ஒருவன் அதை மீண்டும் செய்யவும் கூடும்.

அந்தச் சொல்லும் இப்போது உருகிக்கொண்டிருக்கிறது என்பதே என் கவலை. இதை வேறொருவர் மேல் வைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் தந்தையைப் பெற்ற பாட்டி தண்டட்டி அணிந்திருந்தார். சிறுவயதில் குணுக்குப் போட்டு வளர்த்த காது அவருடையது, தோளைத் தொடும். நான் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் அந்தத் தண்டட்டியைக் கழற்றித் தந்தார். உள்ளிருந்த அரக்கை நீக்கிப் பொன்னை நிறுத்தார்கள். அந்தப் பொன்தான் என்னைப் படிக்கவைத்தது. அதற்காக நான் வருந்தவில்லை, பாட்டியும் வருந்தவில்லை. "காதுல தொங்குனா எனக்கு மட்டும், நீ படிச்சா எல்லாருக்கும்" என்றார். ஆனால் அந்தத் தண்டட்டியில் உருண்டையாகவும் தட்டையாகவும் கொக்கி வளைந்தும் பல உறுப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயர் சொல்லுவார். நான் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. சிலப்பதிகாரத்து அணிப்பெயர்களை உரையோடு ஒப்பித்துப் பட்டம் பெற்ற நான், என்னைப் படிக்கவைத்த அணியின் உறுப்புகளுக்குப் பெயர் அறியேன். பொன் உருகியது நியாயம். சொல்லை உருகவிட்டது என் குற்றம். எனக்கு மச்சம் வெட்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஆகவே, இந்தப் பத்தாம் ஆண்டில் வட்டத்தின்முன் ஒரு பணியை வைக்கிறேன். 2019இல் நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலைமேல் வெள்ளிமலையிலிருந்து கீழே ஆற்றுச் சமவெளி வரை இங்கே பலவகை மக்கள் வாழ்கின்றனர். மூதாட்டியர் கழுத்திலும் காதிலும் கையிலும் அணிந்தவை, அணிந்து கழற்றியவை, விற்றவை, அடகில் மூழ்கியவை ஆகிய அனைத்தின் பெயர்களையும் உறுப்போடு கேட்டு எழுதுவோம். உருக்கவும் ஊதவும் பதிக்கவும் பொற்பட்டறைக் கைவினைஞர் வழங்கும் தொழிற்சொற்களை எழுதுவோம். எந்த மணியை எந்தப் பிணிக்கு, எந்த அச்சத்துக்கு அணிந்தனர் என்பதையும் எழுதுவோம். எகிப்தியவியலார்க்கு ஒரு வண்டின் பொருளை அறிய நூற்றாண்டுகள் ஆயின. நமக்கு ஒரு திண்ணையில் அமர்ந்து, "ஆயா, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டால் போதும். அந்தத் திண்ணைகள் நாளும் ஒவ்வொன்றாக வெறுமையாகின்றன.

கவிஞர்களுக்குத் தனியே ஒரு சொல். பிற நாட்டு அடையாளம் உங்கள் கவிதைக்குள் வரட்டும், தடையில்லை. ஆனால் அதன் இலக்கணத்தோடு வரட்டும். ஓரசின் கண் உங்கள் வரியில் வந்தால், அது புண்பட்டு ஆறிய கண் என்பதை அந்த வரி அறிந்திருக்கட்டும்.

அந்த மாணவிக்கு நான் அன்றே அக்கண்ணின் கதையைச் சொன்னேன். பதக்கத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஊர் சென்று திரும்பியவளின் கழுத்தில் பதக்கம் இல்லை. தொலைத்துவிட்டாளோ என்று கேட்டேன். "இல்ல அம்மா. ஆயாகிட்டக் கதையச் சொன்னேன். அவங்க கேட்டு வாங்கிக்கிட்டாங்க. பாசியோட சேத்துக் கோத்துப் போட்டிருக்காங்க" என்றாள்.

நைலில் இட்ட பொன்னை நம் மலையில் ஒரு மூதாட்டி உரைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். மாற்றுக் குறையவில்லை. நமக்கும் அந்த உரைகல் வாய்க்கட்டும்.